பூஜ்ஜியம் என்றால் நலம்

1

இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா எழுதச் சொன்னாள். கேட்டுக்கொள்ளவில்லை, சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாள். செருப்பைக் கழற்றியவள் நேரே சமையலறைக்குப் போய் என் அடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது. கோபம் வந்தால் அவள் எதையாவது தேய்ப்பாள். ஒருமுறை அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக் கதவைப் பெயின்ட் உரியுமளவு தேய்த்திருக்கிறாள். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். எங்கள் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் இப்படித்தான் தொடங்கும். இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் இருப்போம். யாருக்கு முதலில் பொறுக்கவில்லையோ அவர் தோற்றவர். அன்று அக்கா தோற்றாள்.

"நாளைக்குக் காலையில ஒரு பொய்க்கு நான் ஒப்புதல் குடுக்கணும். இல்ல, முடியாதுன்னு சொல்லணும். வெளிய யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு ஒப்பந்தம் வேற. நீ கதைதானே எழுதுற? எழுது."

"கதையா எழுதினா யாரும் நம்பமாட்டாங்கக்கா."

"நம்ப வேண்டாம். படிச்சாப் போதும்."

2

[முதல் தொடக்கம்: "விசைப்பலகையின் மேல் அவள் விரல்கள் மழையைப் போல…" என் தோளுக்குப் பின்னால் நின்று அக்கா படித்தாள். மழையாவது, வெயிலாவது, வேலை நேரத்தில் பாதி நேரம் திரையை முறைத்துக்கொண்டுதான் இருப்பேன் என்றாள். அடித்துவிட்டேன்.]

[இரண்டாம் தொடக்கம்: "ஒரு நிறுவனம் தன் மனசாட்சியை எந்த நொடியில் இழக்கிறது என்று கேட்டால்…" இதை நானே அடித்தேன். மேடை கிடைத்தால் ஏறிவிடுகிற வாக்கியம்.]

ஆகவே கட்டுரை மாதிரித் தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இது புரியாவிட்டால் கோபம் புரியாது.

சி என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர்கள், ஒரு ஃபைலைத் திறப்பது, அதில் எழுதுவது, மூடுவது போன்ற வேலைகளைத் தாங்களே புதிதாக எழுதிக்கொள்வதில்லை. அதற்கென்று யாரோ எழுதிவைத்த ஒரு தொகுப்பைக் கூப்பிடுகிறார்கள். அதற்கு லைப்ரரி என்று பெயர். அக்காவின் நிறுவனம் சின்னச் சின்ன இயந்திரங்களுக்கு இந்த லைப்ரரியைச் செய்து கொடுக்கிறது. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் மாதிரிப் பிழைப்பு. ஒழுகும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவு வராது.

சில நேரம் ஒரு நிரலுக்கு உண்மையான ஃபைல் தேவைப்படாது. தற்காலிகமாக எழுதிப் பார்க்க ஓர் இடம் போதும். அப்போது லைப்ரரி மெமரியில் ஒரு துண்டு இடத்தைக் காட்டி, இதுதான் ஃபைல் என்று சொல்லிவிடும். நிரலும் நம்பி எழுதும். அக்கா கடைசியாக உட்கார்ந்து புதிதாக எழுதியது இந்தப் பகுதியைத்தான்.

"ஏமாத்துறதுதான் எங்க வேலை. ஆனா ஒழுங்கா ஏமாத்தணும். நிஜ ஃபைல் நிறைஞ்சு போனா என்ன சொல்லுமோ, அதை இதுவும் சொல்லணும்."

சிக்கல் அங்கேதான். நிரல் எழுதுகிற எழுத்துகள் நேராக அந்த இடத்துக்குள் போவதில்லை. நடுவில் ஒரு காத்திருப்பு அறை இருக்கிறது. அங்கே வந்து உட்கார்ந்ததுமே "எழுதியாயிற்று" என்று பதில் போய்விடும். உண்மையில் எழுதியாகவில்லை. ஃபைலை மூடச் சொல்லும்போதுதான் காத்திருந்தவை கடைசியாக உள்ளே தள்ளப்படும். உள்ளே இடமில்லை என்றால் அது தெரியவருவதும் அப்போதுதான். மூடு என்ற ஆணைக்கு ஒரு பதில் வரும். பூஜ்ஜியம் என்றால் நலம். வேறு எது வந்தாலும் கோளாறு.*

லைப்ரரியின் பழைய வடிவத்தை எழுதியவர்கள், மெமரிதானே, மூடுவதில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்திருக்கிறார்கள். உள்ளே கொண்டதோ இல்லையோ, மூடினால் பூஜ்ஜியம். எப்போதும் நலம்.

அக்கா அதை மாற்றினாள். கொள்ளவில்லை என்றால் கொள்ளவில்லை என்று சொல்லவைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

* பூஜ்ஜியம் எப்படி நலமாகும் என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. கணக்குப் பரீட்சையில் நான் வாங்கிவந்த பூஜ்ஜியத்தை வீட்டில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

3

மருந்துக்கடைகளில் சீட்டு அச்சிடும் ஓர் இயந்திரம். நோயாளியின் பெயர், மருந்துகள், எதை எப்போது எவ்வளவு, கடைசியில் எச்சரிக்கை: எதை எதோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது. இந்தச் சீட்டு முழுவதும் முதலில் ஒரு மெமரி ஃபைலில் எழுதப்பட்டு, அது மூடப்பட்ட பிறகு தாளுக்குப் போகிறது.

அந்த மெமரிக்கு அளவு உண்டு. இரண்டு மாத்திரைக்காரருக்குத் தாராளம். வயதானவர்கள், நீண்டநாள் நோயாளிகள், பை நிறைய மருந்தோடு போகிறவர்கள், இவர்களுக்குத்தான் சீட்டு நீளும். நீளும் சீட்டில்தான் வால் அறும். வாலில்தான் எச்சரிக்கை இருக்கிறது. யாருக்கு அது அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் கிடைக்காதபடி எவரும் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

அக்காவின் புதிய லைப்ரரியைச் சில கடைகளில் வெள்ளோட்டம் விட்டார்கள். நீளமான சீட்டு வந்த இடத்திலெல்லாம் இயந்திரம் நின்றது. திரையில் சிவப்பாக "அச்சிட இயலவில்லை".

இங்கேதான் அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள். இயந்திரம் ஏன் நின்றது என்று தேடிப் போனவள், இயந்திரக் கம்பெனியின் நிரலில் ஒரு வரியைப் பார்த்திருக்கிறாள். ஃபைலை மூடிய பிறகு வந்த பதில் பூஜ்ஜியமா என்று சரிபார்த்து, இல்லையென்றால் அச்சிடாதே என்று சொல்லும் வரி. மூடும்போது வரும் பதிலை இந்தத் தொழிலில் அநேகமாக யாரும் பார்ப்பதில்லையாம். யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார்.

"யாருன்னு தெரியல. எப்பவோ எழுதினது. அந்த மனுஷனோ மனுஷியோ, ஒழுங்காத்தான் கேட்டிருக்காங்க. எல்லாம் உள்ள போச்சான்னு. நாங்க ஒவ்வொரு தடவையும் ஆமான்னு சொல்லியிருக்கோம்."

ஸ்பாஞ்சிலிருந்து சோப்புத் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. அவள் துடைக்கவில்லை.

4

மேலாளரை வில்லனாக எழுத முயன்றேன். முடியவில்லை. அதுவே எனக்குக் கோபம்.

அலுவலகத்தில் அவருக்குப் "பாத்துக்கலாம்" என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் அந்த ஒரு சொல்தான். ஆனால் அக்காவுக்கு அறுவைசிகிச்சை நடந்தபோது அவள் வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்தவர் அவர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். [இங்கே அவருக்கு வெற்றிலைக் கறை படிந்த பல்லோ கோணல் சிரிப்போ கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் பற்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.]

கூட்டத்தில் இயந்திரக் கம்பெனி ஆள் திரையில் வந்திருக்கிறார். முன்னாடி ஒழுங்காக ஓடிய இயந்திரத்தை உங்கள் புதிய லைப்ரரி கெடுத்துவிட்டது என்றார். அக்கா, முன்னாடி ஒழுங்காக ஓடவில்லை, ஓடாததைச் சொல்லாமல் இருந்தது என்றாள். பாத்துக்கலாம், "அது ஒரு பார்வைங்க" என்றார்.

தீர்வு சின்னது. இயந்திரக் கம்பெனி தன் நிரலில் மெமரியின் அளவைக் கொஞ்சம் கூட்டினால் முடிந்தது. கூட்டமாட்டார்கள். தங்கள் நிரலைத் தொட்டால் மறுபடி சோதனை, மறுபடி சான்றிதழ், எதற்காகத் தொட்டீர்கள் என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால், இத்தனை காலம் அறுந்த சீட்டைக் கொடுத்தோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். லைப்ரரியை மாற்றினால் அது வழக்கமான பராமரிப்பு. யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆகவே அக்காவின் பக்கத்து மேசைக்காரர் ஒரே ஒரு வரியைத் திருத்தி வைத்திருக்கிறார். மூடினால் எப்போதும் பூஜ்ஜியம். காரணம் என்ற இடத்தில், "பழைய நடத்தையோடு இணக்கம்". அந்தப் பகுதிக்கு அக்காதான் பொறுப்பு என்பதால் அவள் ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே போகும். நாளைக் காலை.

அப்படியானால் நிரலின் தலைப்பில் எழுதியவர் என்று இருக்கும் என் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"உங்க பேரு இருந்தாத்தாம்மா எல்லாரும் நம்புவாங்க," என்றாராம் அவர். பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறார்.

5

இந்த இடத்தில் நான் ஒரு வேலை செய்தேன்.

[அடித்த பத்தி: அப்பாவின் சட்டைப்பையில் ஒரு மருந்துச் சீட்டு. நீளமான சீட்டு. கடைசி வரி பாதியில் நிற்கிறது. மருத்துவமனை நடையில் அக்கா அதைப் பிரித்துப் பார்க்க…]

அக்கா படித்தாள். முகம் மாறியது.

"அப்பா மாரடைப்புல போனாரு. இந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடியே போனாரு."

"தெரியும்க்கா. கதைக்கு ஒரு…"

"ஒரு சாவு வேணும். அதானே? ஒரு பொணம் விழுந்தாத்தான் தப்பு உங்களுக்குத் தப்பாத் தெரியுமாடீ? கூட்டத்துலயும் இதையேதான் கேட்டாங்க. யாருக்காவது ஏதாவது ஆயிருக்கான்னு. ஆச்சா இல்லையான்னு தெரியாது. தெரியாம இருக்கறதுக்குத்தானே அந்தப் பூஜ்ஜியம்."

அடித்துவிட்டேன். ஆனால் உங்கள் கண்ணிலிருந்து மறைக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பத்தியைப் படித்தபோது உங்களுக்குக் கதை சூடுபிடித்தது போல இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

6

என் கோபத்தையும் இங்கே வைக்கிறேன், சின்னதுதான்.

போன வருடம் ஓர் இதழில் என் கதை வந்தது. கடைசிப் பத்தி இல்லாமல் வந்தது. விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் நுழைந்ததாம். ஆசிரியர் சொல்லவில்லை, இதழைப் பிரித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதைவிடக் கொடுமை, வந்த பாராட்டுகள். "முடிவைச் சொல்லாமல் சொன்ன விதம் பிரமாதம்" என்றார் ஒருவர். தொலைபேசியில் ஆசிரியரைக் கேட்டபோது, "பாருங்க, நல்லதாத்தான் போச்சு," என்றார்.

அறுந்ததை அழகு என்று நம்பவைக்க முடியும் என்றால், எதை எதைத்தான் நம்பவைக்க முடியாது?

இந்தக் கதைக்கும் அதே ஆசிரியர், அதே பக்கக் கணக்கு. இம்முறை ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். வெட்டுங்கள், ஆனால் வெட்டிய இடத்தில் வெட்டியதைச் சொல்லுங்கள். "கொள்ற வரைக்கும் போட்டுக்கலாம்," என்றார். அவரும் பாத்துக்கலாம்தான்.

7

முடிவுகள்.

அ. அக்கா ஒப்புதல் கொடுக்கிறாள். இயந்திரங்கள் ஓடுகின்றன. இயந்திரக் கம்பெனியிலிருந்து அலுவலகத்துக்குக் கேக் வருகிறது. அவள் வீட்டுக்குப் போய்க் குளியலறைத் தரையைத் தேய்க்கிறாள்.

ஆ. முடியாது என்கிறாள். பாத்துக்கலாம் உண்மையான வருத்தத்தோடு அந்தப் பகுதியைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுக்கிறார். பூஜ்ஜியம் எப்படியும் போகிறது. கடையில் சீட்டு அதே இடத்தில் அறுகிறது. அக்காவின் கை சுத்தம். நடக்க அதிக வாய்ப்புள்ள முடிவு இது. எழுதும்போது என் பல் கூசியது.

இ. அடுத்த கூட்டத்தில், இயந்திரக் கம்பெனியின் பக்கத்திலிருந்து இதுவரை பேசாத ஒருவர் ஒலிவாங்கியைத் திறக்கிறார். அந்தச் சரிபார்க்கும் வரியை எழுதியது நான்தான் என்கிறார். நான் கேட்டதற்கு இத்தனை நாள் என்ன பதில் சொன்னீர்கள் என்று

மூன்றாவதை அக்கா படித்துக்கொண்டே இருந்தாள்.

"அவங்க இன்னும் அங்க வேலை பாக்குறாங்களான்னே தெரியாது," என்றாள். பிறகு, "இருக்கட்டும். அடிக்காத," என்றாள்.

நீ என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்; முகம் தெரிகிற அளவு பளபளத்தது. இம்முறை தோற்றது நான்.

"முடிவு என்னன்னு எழுதட்டும்க்கா?"

அதற்குள் வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எழுதாத. தெரியாதத தெரிஞ்ச மாதிரி மூடி வச்சேன்னா, நீயும் எங்க ஆபீஸ்ல வேலைக்கு வந்துரலாம்."

கதவைச் சாத்தாமல் போனாள். படிக்கட்டில் அவள் இறங்கும் ஓசை கேட்டது. கீழ்வாசல் வரை வேகமாகப் போன ஓசை, அங்கே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றாள், பிறகு எந்தப் பக்கம் போனாள், நான் எட்டிப் பார்க்கவில்லை.

8

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. உங்களிடம் இருக்கலாம்.

உங்கள் வீட்டில் அதிக மருந்து சாப்பிடுகிறவர் யாரோ, அவருடைய சீட்டை எடுங்கள். மேலிருந்து படிக்காதீர்கள், நேரே கடைசி வரிக்குப் போங்கள். அது ஒரு வாக்கியமாக முடிந்திருந்தால் மடித்து வைத்துவிடலாம். "இதனுடன் சேர்த்துச்" என்று நின்றிருந்தால் கடைக்குப் போங்கள். மீதி எங்கே என்று கேளுங்கள். கடைக்காரர் பாவம், இயந்திரத்தைக் காட்டுவார். இயந்திரம் நலம் என்று சொல்லும். அழகாக முடிந்திருக்கிறதே என்று வரிசையில் பின்னால் நிற்பவர்கூடச் சொல்லலாம். அப்போது நீங்கள்

[இடம் போதவில்லை. மீதி உள்ளே போகவில்லை.]