சவாரித் திடலின் எச்சரிக்கைப் பெட்டி

பண்டத்தரிப்பில் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி நடந்தால் பார்க்க வருகிற சனத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வண்டி ஓடவேண்டிய பாதையிலேயே வந்து நிற்பார்கள். மாடுகள் முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் இரண்டாகப் பிளந்து விலகுவார்கள். எவன் கடைசியாக விலகுகிறானோ அவனே சவாரி தெரிந்தவன் என்று ஓர் எண்ணம். புத்தி சொல்லப் போனவர்களுக்கெல்லாம் பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

போன சித்திரையில் நீர்வேலியிலிருந்து வந்த சீவரத்தினம் என்பவர் கொஞ்சம் கூடுதலாகவே பிந்திவிட்டார். வண்டி அவர்மேல் ஏறியது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே ஆள் முடிந்துவிட்டது. வண்டியை ஓட்டியவன் பொன்னம்பலம். அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனும் அவன்தான்.

அவனுடைய தமையன் அருட்பிரகாசம் சந்தியில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். அன்றிலிருந்து தம்பி கரைவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மாடுகளுக்குத் தவிடு வைப்பான், குளிப்பாட்டுவான். ஆனால் மாட்டை விரட்டுகிற துவரங்கம்பைத் தொடமாட்டான். சோறு பாதி கோப்பையிலேயே கிடக்கும். ஊர் அவனைக் குறை சொல்லவில்லை. "பாய்ச்சலிலை வாற வடக்கன் மாட்டை ஆர் திருப்புறது? பிரமன் வந்தாலும் ஏலாது" என்றது. அருட்பிரகாசமும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வான்.

தை பிறந்த கையோடு ஒருநாள் அவனாகவே வாய் திறந்தான்.

"பாதையிலை சனம் நிக்காது எண்டு ஆராவது பொறுப்பு நிண்டால், இந்த முறை ஓடிப் பாப்பன் அண்ணை."

"நான் நிக்கிறன்" என்றார் அருட்பிரகாசம். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தார்.

சண்டையால் ஊரில் கரண்ட் இல்லாத காலம். பற்றறி கடையில் இல்லை, இருந்தாலும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுப் பெடலைக் கையால் சுற்றி, அந்த டைனமோவில் சனம் செய்தி கேட்டது. அருட்பிரகாசமும் சுற்றினார். சாகக் கிடந்த ஒரு பழைய கார் பற்றறிக்கு அப்படியே உயிர் ஊட்டினார். பிறகு வேலை தொடங்கியது. தொடக்கக் கோட்டில் மெல்லிய செப்புக் கம்பி ஒன்று. மாட்டின் நெஞ்சு பட்டு அது அறுந்ததும் நேரம் ஓடத் தொடங்கும். நேரம் பார்க்க ஒரு இலத்திரன் கைக்கடிகாரம். அதன் வயிற்றைத் திறந்து வயர் ஒட்டியிருந்தார். முடிவுக் கோட்டில் வண்டிக்கு ஒன்றாக இரண்டு கம்பிகள். எது முந்தி அறுகிறதோ அந்தப் பக்கத்து லைற் எரியும், மற்றது எரியாது, கடிகாரமும் நின்றுவிடும். இதைக் கேட்டுச் சவாரிச் சங்கக் காரியதரிசி கனகரத்தினம் பூரித்துப்போனார். முடிவு சொல்லப் போய் வருசா வருசம் சட்டை கிழிபடுகிறவர் அவர்தான்.

அருட்பிரகாசத்துக்கு அதிலெல்லாம் அக்கறை குறைவு. அவருடைய உயிர் பாதி வழியில் கட்டிய கம்பியில் இருந்தது. வண்டிகள் வந்து அதை அறுத்ததும், முடிவுக் கோட்டருகே பூவரசில் கட்டியிருக்கும் கோயில் ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் எழும்பும். சனம் விலகும். ஒரே சுருதியில் நிற்கிற சத்தம் கூச்சலில் அமுங்கிப்போகும் என்று, தாழத் தொடங்கி மேலே மேலே ஏறுகிற சத்தமாக வைத்தார். ஹெட்போனில் கேட்டுப் பார்த்தபோது குயில் கூவுகிறமாதிரி இருந்தது. ஒலிபெருக்கியில் போட்டுப் பார்க்கவில்லை. ஆகாயத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிற ஊரில், சும்மா நாளில் பெருஞ்சத்தம் போட எந்தப் புத்தியுள்ளவன் துணிவான்?

சித்திரைச் சவாரிக்கு வழக்கம்போலச் சனம் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது.

"அருளண்ணை, உந்தப் பெட்டி வேலை செய்யுமோ?" என்றார் கனகரத்தினம்.

"செய்யும். ஆக்கள் விலகுவினம், பாருங்கோ."

தொடக்க வெடி கேட்டது. இரண்டு சோடி மாடுகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டன. ஒரு வருசத்துக்குப் பிறகு தம்பி வண்டியில் எழுந்து நிற்பதைக் கண்டபோது அருட்பிரகாசத்துக்குக் கண் கலங்கியது. பாதி வழிக் கம்பி அறுந்தது. சத்தம் எழும்பியது.

ஹெட்போனில் குயிலாக இருந்தது ஒலிபெருக்கியில் பொம்பராக இருந்தது. குண்டு போடப் பொம்பர் விமானம் மேலேயிருந்து கீழே பதியும்போது எழும்புமே, அந்த இரைச்சல், அதேதான்.

"பதியுது, படுங்கோ" என்றது ஒரு குரல்.

ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் படுக்கத்தான் அந்தச் சனம் பழகியிருந்தது. நின்ற நின்ற இடத்தில் குப்புற விழுந்து, கைகளால் தலையைப் பொத்திக்கொண்டார்கள். பெட்டியைச் செய்த அருட்பிரகாசமே ஒரு கணம் குனிந்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தார். கனகரத்தினமும் நடுவர்மாரும் வாய்க்காலுக்குள் கிடந்தார்கள். பொன்னம்பலம் ஓடிவருகிற பக்கத்தில், பாதை நிறைய ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள்.

"எழும்புங்கோ" என்று கத்தினார். அவருடைய பெட்டியே அவருடைய குரலை விழுங்கியது. பாய்ந்துபோய் வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. சத்தம் நின்றால் அடுத்தது குண்டு என்பது அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சனம் இன்னும் இறுக்கமாக நிலத்தோடு ஒட்டிக்கொண்டது.

பொன்னம்பலம் கம்பை எறிவதைக் கண்டார். மாடுகளின் மூக்கில் பூட்டிய நாணயக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, முழு உடம்பையும் பின்னுக்குச் சரித்து இழுத்தான். வலத்தன் மாட்டின் கழுத்து வளைந்தது. வண்டி ஒற்றைச் சில்லில் எழும்பி, வேலியைப் பிய்த்துக்கொண்டு பக்கத்து மரவள்ளித் தோட்டத்துக்குள் போய்க் குடைசாய்ந்தது. மற்ற வண்டி வெறுமையாகக் கிடந்த தன் பாதையால் ஓடிப்போய்க் கம்பியை அறுத்தது. லைற் எரிந்தது. கடிகாரம் நின்றது. அதைப் பார்க்க ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை.

கொஞ்சம் பொறுத்துச் சனம் ஒவ்வொன்றாக எழும்பி ஆகாயத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஆரோ சிரித்தான். கனகரத்தினம் வேட்டிச் சேற்றைத் தட்டியபடி, "நல்லாய்த்தான் விலக்கினியள் அருளண்ணை" என்றார். அருட்பிரகாசம் நின்று கேட்கவில்லை. தோட்டத்துக்குள் ஓடினார்.

பொன்னம்பலம் முறிந்த மரவள்ளிகளுக்கு நடுவே இருந்தான். முழங்கையில் இரத்தம். மாடுகள் நுகத்தைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்று மூசின. அருட்பிரகாசத்துக்குச் செத்துப் பிழைத்தமாதிரி இருந்தது. வெட்கத்தையும் மீறிச் சந்தோசம் பொங்கியது. தம்பியைப் பிடித்த பீடை இன்றோடு தொலைந்தது என்றே நினைத்தார்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லைத் தம்பி. அவ்வளவு பேரையும் காப்பாத்திப்போட்டாய்."

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது.

"மாடு திரும்பினது, அண்ணை."

"ஓம், திருப்பிப்போட்டாய்."

"போன வருசமும் திரும்பியிருக்கும்." அவன் குரலில் அழுகை இல்லை. "அந்தாளை நான் தூரத்திலேயே கண்டனான். ஓட்டத்திலை முன்னுக்கு நிண்டனான், விடக்கூடாது எண்டு மாட்டைக் கம்பாலை குத்தினனான். கயிற்றை இழுத்தே பாக்கேல்லை."

அருட்பிரகாசம் அவனுக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தார். மாட்டைத் திருப்ப ஏலாது என்று சொல்லிச் சொல்லித்தான் ஒரு வருசம் தம்பியைத் தேற்றியிருந்தார்.