ஒரு தடவைக்கு ஒரு பலகை

எங்கள் வீடு ஒரே கூரைக்கடியில் இரண்டு அறை. நடுவே, முன்னும் பின்னும் திறந்த நடை. அலபாமாவில் காற்றும் நாயும் அந்த வழியாகத்தான் போய்வரும். என் மனைவி ஆர்லீன் அந்தப் பக்க அறையிலும் நான் இந்தப் பக்க அறையிலும் இருந்துகொண்டு நடைக்குக் குறுக்கே சண்டை போட்டுத்தான் குடித்தனம் நடத்தினோம். காற்று பலமான நாட்களில் அவள் திங்கட்கிழமை திட்டியது எனக்குப் புதன்கிழமைதான் வந்து சேரும். அவள் செத்த பிறகும் கொஞ்ச நாள் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

சுவரெல்லாம் வைரம் பாய்ந்த பைன். கடித்துப் பார்த்த கறையான் ஒன்று தாடையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பழைய மரம் வாங்கும் லீலண்ட், டோத்தன் டவுனிலிருந்து லாரியோடு வந்தான்.

“அந்தப் பக்க அறைய மொத்தமா குடுத்துடுங்க பெரியவரே. ஆளுங்களோட வந்தா ஒரே நாள்ல பிரிச்சிடுவேன்.”

ஒரே நாளில் பிரித்துவிட்டால் மறுநாள் யார் வருவார்கள்? தபால்காரரே எங்கள் ரோட்டுக்குள் வருவதில்லை.

“இந்த மரம் அப்படி வராதுப்பா. ஒரு தடவைக்கு ஒரு பலகைதான் விடும். மேல கேட்டா கோவிச்சுக்கும்.”

“மரம் கோவிச்சுக்குமா?”

“நீ ஆர்லீனப் பார்த்ததில்ல.”

சனிக்கிழமை தவறாமல் வந்தான். ஒரு பலகை கழற்றக் காலை முழுக்க ஆகும்படி நான் பார்த்துக்கொண்டேன். காபி, அவித்த வேர்க்கடலை, அப்புறம் என் கதைகள். இப்படியே ஆர்லீன் அறை டோத்தன் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் செங்கல் புகைபோக்கி மட்டும் நிற்கிறது.

“அவ்வளவுதான் பெரியவரே, முடிஞ்சுது” என்றான் கடைசிப் பலகையை ஏற்றிக்கொண்டே.

“என் அறையில இதவிட நல்ல பலகையெல்லாம் இருக்கே.”

“அப்புறம் நீங்க எங்க படுப்பீங்க?”

“அங்கதான். சுவர் இல்லாட்டி நான் என்ன உருண்டா ஓடிடப்போறேன்?”

அவன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, திரும்பவும் போட்டுக்கொண்டான். “குளிர் வருது. அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.”

அடுத்த சனிக்கிழமை இரண்டு கோப்பைக் காபி போட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

வந்தால் அவனுக்குச் சிரமம் வேண்டாமே என்று, கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரு பலகையை நானே கழற்றி வாசலில் சாத்திவைத்தேன். சந்து வழியாக நல்ல குளிர் வருகிறது. ஆனால் படுத்தபடியே ரோடு தெரிகிறது, வளைவு வரைக்கும்.