லூடியின் துண்டு நிலம்

நிலக்கரிக்காகக் கெய்லர் மலையின் தலையை வெடிவைத்து எடுத்த பிறகும், லூடி என்ற குழந்தையின் கல்லறை பழைய உயரத்திலேயே காற்றில் நின்றது. கட்டில் அகலத்துக்கு ஒரு துண்டு நிலம், அடியில் தொங்கும் வேர்கள், மேலே ஓர் ஓடைக்கல், அதன் பக்கத்தில் ஒரு லாரல் புதர். கீழே முன்பு மலை இருந்தது. இப்போது பருந்துகள் குறுக்கே பறந்தன. மலையடியில் இருந்த பட்டர்நட் பள்ளம் என்ற ஊரில் அன்று எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். மறுநாள் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

மேற்கு வர்ஜீனியாவின் அந்தப் பகுதியில் இறந்தவர்களை மேட்டில்தான் புதைப்பது. வசதி உள்ளவர்கள் பெயர் வெட்டிய கல் நடுவார்கள். மற்றவர்கள் ஓடையிலிருந்து நல்ல கல்லாகப் பார்த்து எடுத்துவந்து தலைமாட்டில் வைப்பதோடு சரி. யார் எங்கே கிடக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். தெரிந்ததை எதற்கு எழுதி வைப்பது என்று நினைத்தார்கள். கல்லறைகளை விட்டுவைக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால், சுரங்கக் கம்பெனி ஆட்கள் வந்து பெயர் இருந்த கற்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டுப் போனார்கள். தவழும் முன்பே காய்ச்சலில் போன லூடி வேலிக்கு வெளியே விடப்பட்டாள்.

வெடிமருந்துக்குத் துளை போடும் வேலையில் இருந்தவன் அவளுடைய அப்பன் வெர்லின். அது தன் மகள் கிடக்கும் இடம் என்று மேற்பார்வையாளன் ரான்சமிடம் சொல்லிப் பார்த்தான். "பேரைக் காட்டு, நிறுத்துறேன்," என்றான் ரான்சம். "வெறும் கல்லுன்னா மலை பூரா கல்லுதானே வெர்லின்." அந்த வட்டாரத்தில் வேறு வேலை கிடையாது. வெர்லின் துளை போட்டான். வீட்டுக்கு வந்து, அந்த இடத்தை விட்டு விலகிப் போய்விட்டோம் என்று மனைவி ஒலீட்டாவிடம் சொன்னான்.

வெடித்த புழுதி அடங்கியதும் அவள் முற்றத்தில் நின்று மேலே பார்த்தாள். "விலகிப் போயிட்டோம்னு சொன்னியே. விலகினது நீங்க இல்ல, அவதான்," என்றாள். வெர்லின் ஹெல்மெட்டைக் கதவோரத்து ஆணியில் மாட்டினான். அதன் பிறகு அதை எடுக்கவே இல்லை.

வருஷங்கள் போயின. பக்கத்து மலைகளும் தலை இழந்தன. வெட்டி எடுத்த மண்ணை ஓடையில் கொட்டினார்கள்; ஓடை இருந்த இடம் தெரியவில்லை. கிணற்றுத் தண்ணீர் முதலில் துருநிறமானது, பிறகு முட்டை அழுகிய நாற்றம் அடித்தது. கரி கழுவிய கறுப்புச் சேற்றைத் தேக்க, பள்ளத்தின் தலைப்பக்கம் ஓர் அணை எழும்பியது. அது வந்த பிறகு பட்டர்நட்டில் ஒரு புதுப் பழக்கமும் வந்தது: மழை பெய்தால் எல்லோரும் ஷூ போட்டுக்கொண்டே படுப்பார்கள். கைக்குழந்தைகளுக்கும் ஷூ மாட்டித்தான் தூங்க வைத்தார்கள். பலர் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். போகிறவர்கள் யாரும் மேலே பார்க்கவில்லை.

ஒவ்வொரு வெடிக்கும் லூடியின் நிலம் ஒரு சாண் இறங்கியது, ஒரு சாண் நகர்ந்தது. அது கடந்துபோன கூரைகளில் மண் உதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து நாய்கள் கட்டிலுக்கடியில் புகுந்தன. ஒலீட்டாவின் அண்ணன் டியூயி ஒருவன்தான் சிரித்தான். சுரங்கத் தூசி அவன் நுரையீரலைத் தின்றிருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு நாற்காலியிலேயே இருப்பான். "மாப்ளே, உம் பொண்ணு தவழக் கத்துக்கிட்டா," என்பான். வெர்லினுக்குச் சிரிப்பு வராது. அது எங்கே போகிறது என்பதுதான் அவனுக்குப் பயம். கடைசியில் அது அவர்கள் வீட்டுக்கு மேலேயே வந்து நின்றது. வேர்கள் புகைபோக்கியை உரசின.

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, கிரேன் வைத்து அதை இறக்கிவிடலாம் என்றார். மலைக்கு அடியில் இருப்பதையெல்லாம் தாத்தா காலத்திலேயே கம்பெனிக்கு விற்றாகிவிட்டது என்று ஞாபகப்படுத்தினார். ஒலீட்டா பீன்ஸ் நார் உரிப்பதை நிறுத்தவில்லை. "அடியில இருக்கிறதைத்தானே வித்தாங்க," என்றாள். "அது மேல இருக்கு." அவர் போய்விட்டார்.

மே கடைசி ஞாயிறு கல்லறை அலங்கரிக்கும் நாள். எங்கெங்கோ போன உறவெல்லாம் திரும்பி வந்து, புல் வெட்டி, பூ வைத்து, அங்கேயே துணி விரித்துச் சாப்பிடும். அந்த வருஷம் ஒலீட்டா முற்றத்தில் துணி விரித்தாள். சோளரொட்டி, கோழி வறுவல், அடுக்கு ஆப்பிள் கேக் எல்லாம் வந்தன. நான்கு நாளாக மழை. அன்று தூறலாக இருந்தது. யாரும் ஷூவைக் கழற்றவில்லை. முதல் தட்டு நிறைவதற்குள் நிலம் அசைந்தது. வெடி எதுவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை. அது முதல்முறையாகத் தானாகவே நகர்ந்து எதிர்ச்சரிவில் ஏறத் தொடங்கியது.

அன்றைக்குக் கல்லறையிடம் போவதுதான் வழக்கம். கல்லறை நடந்தால் பின்னால் நடக்க வேண்டியதுதான். ஒலீட்டா தட்டோடு எழுந்தாள். கேக்கையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மற்றவர்களும் சரிவில் ஏறினார்கள். பாதி ஏறியதும் வெர்லின் நின்றான். மேலே அணைப்பக்கம் தவளைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"உங்கண்ணன் நாற்காலியிலேயே இருக்கான்," என்றான்.

"ரெண்டு பேரும் வந்துடுங்க."

"கேக்குல எனக்கு வை."

அவன் டியூயியை முதுகில் சுமந்து வாசல் தாண்டுவதை மேலிருந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு அணை உடைந்து கறுப்புத் தண்ணீர் வந்தது. அது வேகமாகக்கூட வரவில்லை. கெட்டியாக, வீடுகளின் உயரத்துக்கு, மரங்களை நின்ற நிலையிலேயே சுமந்துகொண்டு வந்தது. பட்டர்நட்டில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. டியூயி கீழே பாலத்தடியில் கிடைத்தான். வெர்லின் கிடைக்கவில்லை.

அடுத்த மே மாதம் உறவெல்லாம் மறுபடி எதிர்ச்சரிவில் கூடியது. லூடியின் நிலம் தலைக்கு மேல் கை எட்டும் உயரத்தில் நின்றது. அது அகலமாகியிருந்தது, உயரமான ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு நீண்டுமிருந்தது. சின்னக் கல்லின் பக்கத்தில் ஈரம் காயாத இன்னொரு ஓடைக்கல். யாரும் ஆச்சரியப்படவில்லை. பெயர் வெட்ட ஆள் கூட்டிவரட்டுமா என்று மட்டும் ஒருத்தி கேட்டாள்.

"எதுக்கு?" என்றாள் ஒலீட்டா. "யாரு எங்க கிடக்கிறாங்கன்னு நமக்குத் தெரியாதா?"

அவள் கேக்கை வெட்டி, ஒரு துண்டை எட்டி மேலே வைத்தாள். தூரத்தில் வேறொரு மலையில் துளை போடும் சத்தம் கேட்டது. மேகம் கறுத்து வந்தது. அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளின் ஷூ நாடாவை இழுத்து முடிந்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்கள்.