விடியலின் பெயர் வைத்த விடுதி

விடியற்காலைச் செம்மையை நாங்கள் குவொவ்சு என்போம். இரவு வானத்தில் ஆடும் பச்சை ஒளிக்கும் அதிலிருந்துதான் பெயர்: குவொவ்சஹாஸ். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழாத நார்வேயின் வடகோடியில் எங்களுக்கு வாய்த்த விடியல் அதுதான். விடுதி கட்ட வந்த தெற்கத்தியான் கேட்டபோது இதை நானே சொல்லித் தொலைத்தேன். அந்த ஒளிக்கு முன்னால் விசிலடித்தால் இறங்கி வந்து ஆளைத் தூக்கிவிடும் என்பதையும் சொன்னேன். எங்கள் துருவமான்கள் மேய்ந்த நிலத்தில் விடுதி எழுந்தது. வாசலில் அந்தப் பெயர்.

என் தம்பி மகன் இஸ்ஸாத் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் நீல அங்கியைப் போட்டுக்கொண்டு விருந்தாளிகளை விசிலடிக்க வைக்கிறான். ஒருநாள் நேரே போய்க் கேட்டேன்.

"வசந்தத்துல மந்தைய ஓட்ட வருவியா மாட்டியா? தனியா என்னால முடியாது."

"பெரியப்பா, நேத்து முப்பது பேர் விசிலடிச்சாங்க. ஒருத்தரையும் தூக்கிட்டுப் போகல."

"உன்னத் தூக்கிட்டுப் போயிடுச்சேடா."

சிரித்தான். "நான் வரல பெரியப்பா. நீங்களும் இங்க வந்து கதை சொல்லுங்க. காப்பி சும்மா தருவாங்க."

மந்தையை ஒழித்துவிட்டேன். அவன் பிறந்தபோது அவனுக்குச் சொந்தமென்று காதில் அடையாளம் வெட்டிவிட்ட மானின் வம்சத்தைத்தான் முதலில் கறிக்கு அனுப்பினேன்.