மடக்கிய இரண்டு விரல்கள்

ஆதாமே வந்து நின்றாலும் வெர்னா ஹார்னெட், “பிறப்புச் சான்றிதழ் எங்கே?” என்றுதான் கேட்பாள் என்று பெல்ஐல் விரிகுடாக் கரையில் சொல்வார்கள். அதில் மிகை ஒன்றும் இல்லை. ராஜவிசுவாசிகள் சங்கத்தின் வம்சாவளிப் பதிவாளர் பொறுப்பு பதினாறு வருடமாக அவள் கையில் இருந்தது.

அமெரிக்காவில் கலகக்காரர்கள் ஜெயித்துவிட்டபின், ராஜாவை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று வீடுவாசலை விட்டுக் கப்பலேறி, 1783-ல் நியூ பிரன்ஸ்விக் காட்டில் வந்து இறங்கியவர்கள் ராஜவிசுவாசிகள். அவர்கள் வம்சம் என்று நிரூபித்தால் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த இரண்டு எழுத்தைக் காட்டினால் கடைத்தெருவில் ஒரு கோப்பைத் தேநீர் கிடைக்காது. ஆனாலும் அதற்காக மனிதர்கள் நாயாய் அலைவார்கள். மகனுக்கும் தகப்பனுக்கும் நடுவில், தகப்பனுக்கும் பாட்டனுக்கும் நடுவில், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு தாள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வெர்னா சிவப்பு மையில் எழுதுவாள்: “தாள் இல்லை. தள்ளுபடி.”

அவளுடைய சொந்தச் சான்றிதழ் அவள் அப்பா காலத்தில், அப்பாவின் வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்தது. ஹார்னெட் வீட்டாரிடம் யார் தாள் கேட்பார்கள்? அரசாங்கம் நிலம் பங்கிட்டபோது முதல் ஜோதம் ஹார்னெட் குலுக்கலில் எடுத்த சீட்டே, முப்பத்தேழாம் எண், கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர்கள் கூடத்தில் தொங்கியது. போதாக்குறைக்கு விரல்கள் வேறு. ராஜாவுக்காகப் போரிட்டபோது ஜோதமின் இடது கையில் கடைசி இரண்டு விரல்களைக் கலகக்காரனின் வாள் கொண்டுபோய்விட்டது என்பது குடும்பக் கதை. அதனால் ஹார்னெட் வீட்டு விருந்துகளில் இடது கையால்தான் கோப்பையைத் தூக்குவார்கள், கடைசி இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டு. பால் குடிக்கிற பிள்ளைகளுக்குக்கூட அது பழக்கம். மணமாகி வந்த மருமகள்கள் முதல் வருடம் ஒயினைச் சிந்துவார்கள், அடுத்த வருடம் தேறிவிடுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, வெர்னாவோடு பள்ளியில் படித்த தெல்மா ஸ்டாக்ஹவுஸ் ஒரு விண்ணப்பத்தோடு சங்கத்துக்கு வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். அவர்கள் வீட்டு பைபிளில், “கெசையா, ஜோதம் ஹார்னெட்டின் மகள், 1781” என்று எழுதியிருந்தது. வெர்னாவுக்குச் சுருக்கென்றது. ஜோதம் கட்டியது பேஷன்ஸ் என்ற ஒருத்தியைத்தான், அதுவும் 1784-ல். கெசையா என்று ஒரு மகளே கிடையாது.

நாற்பது பேர் கூடியிருந்த கூட்டத்தில் வெர்னா எழுந்து சொன்னாள்: “எங்க ஜோதம் ஒருத்தியக் கட்டி ஒழுங்கா வாழ்ந்தவரு. உங்க கெசையா எந்த வேலியத் தாண்டி வந்தாளோ, அதுக்கெல்லாம் நாங்க தாள் குடுக்க முடியாது, தெல்மா.”

கூட்டம் சிரித்தது. தெல்மா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கத்துக் கோயிலுக்குக்கூட வருவதில்லை.

இப்போது 1983. இருநூறாவது ஆண்டு. மே பதினெட்டாம் தேதி கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஜோதமுக்குப் புதிய கருங்கல் திறப்பதாக ஏற்பாடு. கல் செதுக்குகிறவன் எல்லாவற்றையும் செதுக்கிவிட்டு ஓரிடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தான். ‘தம் இரு விரல்களை மன்னருக்கு ஈந்த இடம்’ என்பதற்குக் கீழே போரின் பெயர் வரவேண்டும். எந்தப் போர் என்று குடும்பத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வேறு எவளாவது இருந்தால் நல்லதாக ஒரு பெயரைப் பொறுக்கிப் போட்டிருப்பாள். வெர்னா தாள் தேடி ஃபிரெடெரிக்டன் ஆவணக் காப்பகத்துக்குப் போனாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

1785-ம் வருட நில மனுக்களின் மைக்ரோஃபிலிம் சுருளை மூன்று மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். திரையில் ஹார்னெட் என்ற பெயர் வந்ததும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தாள்.

“ஆளுநர் அவர்களுக்கு, விதவை மெர்சி ஹார்னெட்டின் பணிவான விண்ணப்பம். என் கணவர் ஜோதம் ஹார்னெட், மன்னரை மறுதலிக்காததால் கலகக்காரர்களின் சிறையில் இருந்தவர், நோயோடு இந்தக் கரையில் இறங்கினார். நிலத்துக்குச் சீட்டுக் குலுக்கிய நாளில் எழுந்திருக்க முடியாமல், எங்கள் கூலியாள் ஆமோஸைத் தம் பெயரில் சீட்டெடுக்க அனுப்பினார். முப்பத்தேழாம் எண் விழுந்தது. நவம்பரில் என் கணவர் கூடாரத்தில் இறந்தார். புதைத்த மறுநாள் ஆமோஸைக் காணவில்லை, சீட்டையும் காணவில்லை. பனி உருகியபின் நான் ஆற்றின் மேற்பக்கம் போய்ப் பார்த்தேன். அவன் எங்கள் நிலத்தில் வீடு கட்டி, என் கணவரின் பெயரைத் தன் பெயராகச் சொல்லிக்கொண்டு, பெண்ணும் கட்டியிருக்கிறான். அக்கம்பக்கத்தார் வேறு கப்பலில் வந்தவர்கள், அவனை அந்தப் பெயரால் மட்டுமே அறிவார்கள். அவனை அடையாளம் காண்பது எளிது. இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. குடித்துவிட்டு என் கணவரின் ஆப்பிள் பிழியும் செக்கில் கையை விட்டு இழந்தவை அவை. எனக்கும் நான்கு வயது மகள் கெசையாவுக்கும் நியாயம் கிடைக்க வேண்டுகிறேன்.”

வெர்னா இரண்டு உள்ளங்கைகளாலும் திரையை மூடினாள். குளியலறைக் கதவை யாரோ திறந்துவிட்டதுபோல் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்த மேஜையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனித்தார். செக்கு. வாள் இல்லை, போர் இல்லை, ராஜா இல்லை. ஆப்பிள் செக்கு.

கைகளை எடுத்துவிட்டுச் சுருளை அடுத்த பக்கத்துக்கு நகர்த்தினாள். மனுவின் பின்புறத்தில் எவனோ ஒரு குமாஸ்தா முடிவை எழுதிவைத்திருந்தான்.

“மனுதாரரிடம் தாள் எதுவும் இல்லை. தள்ளுபடி.”

அதைப் படித்தபோதுதான் வெர்னாவுக்கு அழுகை வந்தது.

அவள் தம்பி முர்ரே, அந்த முப்பத்தேழாம் எண் நிலத்தில் மாடு வைத்திருப்பவன், அவள் திரும்பி வந்தபோது சமையலறைத் தொட்டியில், கறி வைக்கப் பறித்த வசந்தகாலப் பெரணிக் குருத்துகளை அலசிக்கொண்டிருந்தான். ஆறு பெருகி வயலின் கீழ்க்கோடி வரை தண்ணீர் நின்றது.

“எந்தச் சண்டைன்னு கெடச்சுதாக்கா? கல் செதுக்குறவன் ரெண்டு தடவ போன் பண்ணிட்டான்.”

“சண்டை இல்ல, முர்ரே. செக்கு.”

“என்னது?”

காப்பகத்தில் எடுத்துவந்த மனுவின் நகலை நீட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு உதடு அசைய அசையப் படித்தான். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான்.

“வேற யாரு பாத்தா?”

“நான் மட்டும்தான்.”

“அப்ப யாரும் பாக்கல.”

“முர்ரே!”

“இருநூறு வருஷமாச்சுக்கா! அந்தாளு எலும்பே மக்கிப் போயிருக்கும். இப்பப் போயி நம்ம வீட்டுக் கூரைய நாமளே பிரிக்கணுமா? தெல்மா வக்கீல வெச்சு நெலத்தக் கேட்டா என்ன பண்ணுவே?”

“கேக்க முடியாதுடா. பட்டா நம்ம பேர்ல இருக்கு.”

“நம்ம பேரா? எது நம்ம பேரு?” என்று சொன்ன முர்ரே, தான் சொன்னது என்ன என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டான். ஐம்பத்தைந்து வயது மனிதன், பெயரைக் கேட்டால் பதில் தெரியாத ஆளாகி உட்கார்ந்திருந்தான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்: “கல்லுல ஏதாவது ஒரு சண்டை பேரப் போட்டுரு. யாரு வந்து தாள் கேக்கப் போறா?”

“இந்தக் கரையில தாள் கேக்குற ஒரே ஆளு நான்தானடா,” என்றாள் வெர்னா.

அன்று இரவு அவள் நகலை மேஜைமேல் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிழித்துப் போட்டுவிடலாம் என்று தோன்றாமல் இல்லை, மூன்று தடவை தோன்றியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த நான்கு வயதுப் பெண் கண்முன்னால் வந்து நின்றாள். வேலி தாண்டி வந்தவள் என்று வெர்னாவே கூட்டத்தில் சொன்ன பெண். தாய் கையைப் பிடித்துக்கொண்டு, பனி உருகிய சேற்றில் நடந்து வந்து, தன் அப்பாவின் பெயரை வேறொருவன் தன் பெயராகச் சொல்வதைக் கேட்டவள்.

மறுநாள் வெள்ளத்தால் படகுத்துறை மூடியிருந்தது. வெர்னா விரிகுடாவைச் சுற்றிக் காரோட்டிக்கொண்டு எதிர்க்கரையில் இருந்த தெல்மா வீட்டுக்குப் போனாள். தெல்மா கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய அடி கிடையாது.

வெர்னா நகலை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில், தெல்மா பெயருக்குக் கையெழுத்துப் போட்ட சங்கச் சான்றிதழையும் வைத்தாள்.

தெல்மா விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். கெசையா என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. “நாலு வயசு,” என்றாள். “கர்த்தாவே. நாலே வயசு.” முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் சந்தோஷப்படுவாள், இல்லையென்றால் கத்துவாள் என்று வெர்னா நினைத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

“நான் அன்னிக்குச் சொன்னது தப்பு, தெல்மா.”

“என்ன சொன்னே?”

“உனக்குத் தெரியுமே.”

“எனக்குத் தெரியும்டி. ரெண்டு வருஷமா தெனமும் தெரியும். நீ சொல்லு.”

வெர்னா சான்றிதழைத் தெல்மா பக்கம் நகர்த்தினாள்.

தெல்மா சான்றிதழை அவள் பக்கமே தள்ளினாள். “அத நாப்பது பேரு சிரிக்கச் சிரிக்கச் சொன்னே. இத மட்டும் திருடி மாதிரி என் சமையக்கட்டுல வந்து நீட்டுறே. பதினெட்டாம் தேதி உங்க ஆளுங்க எல்லாரும் வருவாங்கல்ல? அவங்க முன்னாடி படி. முழுசாப் படி. அப்புறம் வாங்கிக்கிறேன்.”

பதினெட்டாம் தேதி நல்ல வெயில். சில ஆண்கள் பழைய காலத்து மூன்று மூலைத் தொப்பி அணிந்து வந்திருந்தார்கள். அறுபத்திரண்டு ஹார்னெட்டுகள். கல்மேல் கொடி போர்த்தியிருந்தது. போதகர் ஜெபித்ததும் எல்லார் கோப்பையிலும் ராஸ்பெரி சர்பத் ஊற்றினார்கள். அடுத்து வெர்னா குடும்ப வரலாற்றைப் படிக்கவேண்டும், பிறகு முர்ரே கோப்பையை உயர்த்தி, “ராணிக்கும் ரெண்டு விரலுக்கும்!” என்று கூவ வேண்டும். வருடா வருடம் அதுதான் முறை. இப்போதே பலர் விரலை மடக்கித் தயாராக நின்றார்கள்.

கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே தெல்மா நின்றாள், அதே தொப்பியோடு.

வெர்னா தாளைப் பிரித்தாள். முர்ரே தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் படித்தாள். மெர்சி ஹார்னெட்டின் பெயர் வந்தபோது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சீட்டு காணாமல் போன இடத்தில் ஒருவர் இருமினார். செக்கு வந்ததும் ஒரு மாமா வாய்விட்டுச் சிரித்தார், வெர்னா வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்து. வாழ்க்கையில் ஒரு தடவைகூட வேடிக்கை செய்யாதவள் அவள் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“கெசையா வேலி தாண்டி வந்தவன்னு நான் சொன்னேன்,” என்று வெர்னா தாளை மடித்துக்கொண்டு சொன்னாள். “வேலி தாண்டி வந்தது நாம. இந்தப் பேரு, இந்த நெலம், கூடத்துல தொங்குற அந்தச் சீட்டு, எதுவும் நம்மளது இல்ல. ராஜாவுக்காக ஜெயிலுக்குப் போனது தெல்மாவோட பாட்டன். நம்ம பாட்டன் அவருகிட்டக் கூலிக்கு இருந்தவன். தெல்மா, தப்பா சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், மன்னிச்சிரு.”

அறுபத்திரண்டு பேரும் தங்கள் இடது கையைப் பார்த்தார்கள். விரல்கள் மடங்கியே இருந்தன. நீட்டுவதா, வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. முர்ரே கோப்பையைக் கல்லின்மேல் வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டான். கொடியை யாரும் விலக்கவில்லை.

தெல்மா வேலிக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். வெர்னா நீட்டிய சான்றிதழை வாங்கி, இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். போகத் திரும்பியவள் நின்றாள். அவள் குரலில் இளக்காரம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“ஆமோஸ்னு போட்டிருக்கே, வெர்னா. ஆமோஸ் என்ன? உங்க குடும்பப் பேரு என்ன?”

பதினாறு வருடப் பழக்கம். வெர்னாவின் வாய் தானாகவே பதில் சொன்னது.

“தாள் இல்ல.”