ஓடும் நிலையில் உள்ளது

கல்கத்தாவில் எங்கள் மருந்துக் கிடங்கிலிருந்து ஒரு லாரி வெளியே போக வேண்டுமானால் கேட் பாஸ் வேண்டும். அதை அடிக்கும் கம்ப்யூட்டர் கேட் அறையில் ஒன்றே ஒன்றுதான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதன் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. தாராதலா சாலையில் பதினொரு லாரிகள் வரிசை கட்டி நின்றன. கேட் பாஸ் அடிக்கும் பழைய பிரிண்டரின் கேபிள் ஆபீசில் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் சேராது.

அப்போது என் பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதில் ஒரு சின்ன லினக்ஸ் போட்டு என் பழைய லேப்டாப்பில் ஓட்டிக்கொண்டிருந்தேன். தேவையில்லாததையெல்லாம் கழற்றிவிட்டு முந்நூறு எம்.பி.க்குள் அடக்கிய சிஸ்டம் அது. ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம். பென் டிரைவிலிருந்து எழுந்து மொத்தமும் மெமரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதைச் செருகினேன். பாஸுக்கு ஒரு படிவம் செய்தேன். மத்தியானத்துக்குள் பதினொரு லாரியும் போய்விட்டன.

"ரெண்டு நாளைக்குத்தான் சார். அதுக்குள்ள புது மெஷின் கேளுங்க" என்று பட்டாபி சாரிடம் சொன்னேன்.

பட்டாபி சார் எங்கள் பிரிவு அதிகாரி. பாலிகஞ்சில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். என் தோளில் தட்டி, "ஆரே பாபா, விருத்தாசலத்துலேர்ந்து ஒரு விஞ்ஞானி!" என்றார். புது மெஷின் கேட்டு எழுதவும் செய்தார். ஓடுகிற இயந்திரத்துக்கு மாற்று தர விதியில்லை என்று தலைமை அலுவலகம் பதில் போட்டது.

அது ஓடுகிறது என்று அவர்களுக்குச் சொன்னது நான்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு படிவம் வரும். எட்டாவது கேள்வி, கம்ப்யூட்டர் ஓடும் நிலையில் உள்ளதா. நான் பள்ளிக்கூடத்தில் பழகிய முத்து முத்தான கையெழுத்தில், ஆம் என்று எழுதி, கீழே தேதியோடு பெயரும் போடுவேன். பன்னீர்செல்வம். அப்படிப் பதினொரு முறை எழுதியிருக்கிறேன்.

இந்த வருடம் ஜூலை இரண்டாம் தேதி என் மாற்றல் உத்தரவு வந்தது. திருச்சி. மூன்று வருடமாக மனு மேல் மனு எழுதி வாங்கியது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் சேர வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். என் மனைவி வசந்திக்கு மணப்பாறை அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மகள் மதுவுக்கு ஆறு வயது. அவளை ஒரு நாள்கூட நான் பள்ளியில் கொண்டுபோய் விட்டதில்லை.

உத்தரவை எடுத்துக்கொண்டு பட்டாபி சாரிடம் போனேன்.

"நீர் போயிட்டா கேட் பாஸ் யார் அடிப்பா?"

"பதினாலு படி எழுதி சுவத்துல ஒட்டிருக்கேன் சார். எந்த நேரத்துல எந்த கீயை அழுத்தணும்னுகூட இருக்கு. யார் வேணும்னாலும் செய்யலாம்."

"படிச்சுப் பாத்தேன். ஆறாவது படியில எனக்குத் தல சுத்திடுத்து. ஒருத்தருக்குப் பழக்கிவிட்டுட்டு வாரும். அன்னிக்கே ரிலீவிங் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன். சத்தியமா."

கேட் அறையில் என்னைத் தவிர இருப்பவள் ஹம்சினி. வேலையில் சேர்ந்து எட்டு மாதம். பெஹாலாவில் பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். இங்கே அண்ணனைத் 'தா' என்பார்கள், அவளுக்கு நான் பன்னீர்தா. கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஸாரி பன்னீர்தா. நான் அதைத் தொட்டா நீங்க போயிடுவீங்க, நான் மாட்டிப்பேன்."

"ஒரு மணி நேரம் பாத்தா வந்துடும்மா."

"அதான் பயமே. கடைசி லாரி போற வரைக்கும் நீங்க உக்காந்திருக்கீங்க. எனக்கு நாலரை மணிக்கு கடியாஹாட்ல பேங்க் எக்ஸாம் கோச்சிங். அக்டோபர்ல பரீட்சை. இந்த கேட்லயே கிழவியாக நான் தயாரா இல்லை."

அவள் சொன்னதில் தப்பில்லை. நானும் விட்டுவிட்டு வேறு வழி தேடினேன்.

ஜூன் மாதப் படிவம் இன்னும் என் மேஜையில்தான் இருந்தது. எட்டாவது கேள்விக்கு இல்லை என்று எழுதி அனுப்பினேன். பட்டாபி சார் அதைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்.

"வெளியில பிரிண்டர் கறகறன்னு கத்தறது, நீர் ஓடலைங்கறீர். விஜிலென்ஸ் வந்தா எனக்கும் சேர்த்து வேலை போகும்யா."

பதினான்காம் தேதி மெஷினை அணைத்து, பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். "இது என்னோட சொந்தப் பொருள் சார். இப்ப மெஷின் நிஜமாவே ஓடலை. புதுசு கேளுங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. பீரோவைத் திறந்து நான் பொறுப்பேற்ற அன்று கையெழுத்திட்ட பட்டியலை எடுத்துக் காட்டினார். கம்ப்யூட்டர் ஒன்று, ஓடும் நிலையில்.

"ஓடற மெஷினை வாங்கிண்டீர். ஓடற மெஷினைத்தானே ஒப்படைக்கணும்? செத்ததைக் கொடுத்தா நான் எப்படி ரிலீவ் பண்றது? நீரே சொல்லும்."

வெளியே புருலியா மாவட்டத்துக்குப் போகும் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அதில் இருந்தது முழுக்கக் குளுக்கோஸ் பாட்டில். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பென் டிரைவை நானே செருகினேன்.

அன்று சாயங்காலம் வசந்தி கூப்பிட்டாள்.

"என்னங்க, டேட்டு சொன்னாங்களா?"

"பேசிக்கிட்டிருக்கேன்."

"அந்த பென் டிரைவ் குச்சியோடயே குடும்பம் நடத்துங்க. நான் மதுகிட்ட அப்பாவுக்குக் கல்கத்தாவுல ரெண்டாந்தாரம்னு சொல்லிடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உடனே வைத்துவிட்டாள்.

இருபத்தொன்பதாம் தேதி மாலை ரயில் ஏறினால்தான் முப்பத்தொன்று காலையில் திருச்சி. டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். அன்று விடியற்காலையிலிருந்து பேய்மழை. காளிகாட்டில் என் அறை இருக்கும் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. பாதி தூரம் நடந்து, பாதி தூரம் ஒரு வேனில் தொற்றிக்கொண்டு, ஒன்பதுக்குப் போக வேண்டியவன் பத்தே முக்காலுக்குக் கிடங்கு வாசலை அடைந்தேன்.

கேட் அறையில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

ஹம்சினி என் நாற்காலியில் இருந்தாள். திரையில் என் படிவம். பக்கத்தில் அடித்து முடித்த மூன்று பாஸ்களின் நகல்.

"கத்தாதீங்க" என்றாள். "பாங்குரா போற லாரி. உள்ள ஸலைன். ஆஸ்பத்திரியிலேர்ந்து டிரைவருக்கு போன் மேல போன். அந்த ஆள் என் முன்னாடி நின்னு கையெடுத்துக் கும்பிட்டான். நான் என்ன பண்றது?"

"உனக்கு எப்படி..."

"உங்க பதினாலு படியைப் படிக்கலை. எட்டு மாசமா எதிர்லதானே உக்காந்திருக்கேன்? உங்க விரலைப் பாத்தே வந்துடுச்சு." எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "பட்டாபி ஸார் இன்னும் வரலை. நீங்கதான் போட்டதா சொல்லிடுங்க பன்னீர்தா. ப்ளீஸ். அக்டோபர் வரைக்கும்தான்."

நான் உட்கார்ந்தேன். பேன்ட்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. பதினைந்து நிமிடத்தில் பட்டாபி சார் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். நகல்களைப் புரட்டிப் பார்த்தார்.

"பலே! இந்த மழையிலயும் மூணு லாரி. காலம்பறயே நீந்தி வந்துட்டீரா?"

தலையை ஆட்டினால் போதும். அவர் உள்ளே போய் டீ கேட்பார். ஹம்சினி ஜன்னல் பக்கம் திரும்பி லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து மட்டும் விறைத்திருந்தது.

"நான் இப்பத்தான் வந்தேன் சார்" என்றேன். "மூணையும் போட்டது ஹம்சினி."

அவள் திரும்பவில்லை.

"அட! அவளுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும் சார். யாரும் பக்கத்துல இருக்க வேண்டாம்."

பட்டாபி சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ரிலீவிங் ஆர்டரை அங்கேயே அடிக்கச் சொன்னார். ஹம்சினிதான் அடித்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. பட்டியலில் என் பெயரை அடித்து அவள் பெயரை எழுதி, கையெழுத்து வாங்கினார். கம்ப்யூட்டர் ஒன்று. பென் டிரைவ் ஒன்று என்று நானே கீழே சேர்த்தேன். பட்டாபி சார் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

நான் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது, பரீட்சையை நல்லபடி எழுது, இப்படி ஏதாவது. எதையும் சொல்ல என் வாய் கூசியது.

அவள்தான் பேசினாள். போனைக் கையில் வைத்திருந்தாள்.

"ஒன்பது எட்டில முடியறதுதானே உங்க நம்பர்?"

"ஆமாம்."

"திருச்சி போனதும் மாத்திடாதீங்க. மெஷின் படுத்தா உங்களைத்தான் கூப்பிடுவேன்."

"மாத்த மாட்டேன் ஹம்சினி."

"பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்ற அடுத்த டிரைவரின் காகிதங்களுக்காகக் கையை நீட்டினாள்.