டேங்குக்குள் ஃபினாயில் போகாது

விழுப்புரத்திலிருந்து அதிகாரிகள் ஆய்வுக்கு வர அரைமணி நேரம்தான் இருந்தது. திண்டிவனத்துக்கு வெளியே இருந்த ஆடு அறுக்கும் அந்தத் தனியார் ஆட்டுத்தொட்டியின் சூப்பர்வைசர் தென்னரசு, இரண்டு கேன் ஃபினாயிலை வாசலில் இறக்கி, வேலையாட்களைக் கூப்பிட்டான்.

"தரை முழுக்க ஊத்துங்கடா. நாத்தம் மூக்குல ஏறக்கூடாது."

கழிவிலிருந்து கேஸ் எடுக்கும் டேங்கைப் பார்த்துக்கொள்ளும் குல்சும் பீவி ஓடி வந்தாள். "வேணாம்ணே! தரைத் தண்ணி எல்லாம் நேரா டேங்குக்குத்தான் போவுது."

"போவட்டும். அதுவும் சுத்தமாவும்."

"சுத்தமானா செத்துடும்ணே!"

காற்றுப் புகாத அந்த டேங்குக்குள் இரண்டு கிருமிக் கூட்டங்கள் இருந்தன. ஒன்று ரத்தம், கொழுப்பு, இரைப்பைச் சக்கை எல்லாவற்றையும் கரைத்துப் புளிக்கவைக்கும். மற்றது அந்தப் புளிப்பைத் தின்று கேஸாக விடும். முன்னது முரடு, பின்னது சவலைப்பிள்ளை. அது செத்தால் புளிப்பு ஏறி, கேஸ் நின்றுவிடும். வளவனூரிலிருந்து டிரம் டிரம்மாகச் சாணிக் கரைசல் கொண்டுவந்து ஊற்றி, கழிவைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டி, அந்தச் சவலையைத் தேற்ற குல்சுமுக்கு மூன்று மாதம் பிடித்தது. முன்பெல்லாம் டயரைக் கொளுத்தித்தான் ஆட்டுத்தலையும் காலும் வாட்டினார்கள். இப்போது அதற்கான அடுப்பு இந்த கேஸில் எரிகிறது.

"கிருமியைக் கொல்லத்தான் ஃபினாயிலே. நீ கிருமிக்கு வக்காலத்து வாங்கிக்கினு நிக்கிற. பேஜாரு பண்ணாத, தள்ளு."

"வெந்நி ஊத்திக் கழுவலாம்ணே."

"எனக்கே பாடமா?" தென்னரசு கேனைக் கவிழ்த்து, தண்ணீரையும் திறந்துவிட்டான்.

குல்சும் டேங்குப் பக்கம் ஓடினாள். ஈரச் சாக்கைச் சுருட்டி, டேங்குக்குப் போகும் குழாயின் வாயில் திணித்தாள். அதன் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். போக வழியில்லாத வெள்ளைத் தண்ணீர் திரும்பி வந்து தென்னரசுவின் ஷூவுக்குள் ஏறியது.

"ஏய், எழுந்திரு! ஜல்தி!"

அவள் அசையவில்லை. அதற்குள் ஜீப் வந்துவிட்டது. இறங்கிய பெண் அதிகாரி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "என்ன இது, தண்ணி வடியாதா?"

"அடைச்சிக்கிச்சு மேடம்," என்றான் தென்னரசு.

"அதுவா அடைச்சிக்கல. நான்தான் அடைச்சேன்," என்றாள் குல்சும், உட்கார்ந்தபடியே. "ஃபினாயில் உள்ள போனா கேஸ் போச்சு மேடம். இவங்க இதை மோந்து டிரம்ல ஊத்தட்டும், எழுந்துக்கிறேன்."

அதிகாரி அவளையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். "மோந்து ஊத்துங்க," என்றார் தென்னரசுவிடம்.

ஒரு மணி நேரம் மொண்டார்கள். ஜீப் கிளம்பியதும் தென்னரசு ஈர ஷூவை உதறினான். "நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

"காலைல ஏழு மணிக்கு டேங்குக்குத் தீனி வைக்கணும்ணே. வருவேன்," என்றாள் குல்சும். "கேட்டைப் பூட்டினா ஏறிக் குதிப்பேன்."